ஊர்க் கட்டடமும் ஊரார் உரிமையும்

(தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



கொள்ளிடத்தின் குறுக்கே 1836 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் கீழணையைக் கட்டினர். அணைக்குக் கல் வேண்டியிருந்தது. மலையை உடைத்துக் கல் கொணர்வதினும் எளிய வழி ஒன்று அவர்தம் கண்ணிற் பட்டது. அண்மையிலே கங்கைகொண்ட சோழபுரம் இருந்தது. இராசேந்திர சோழன் எடுப்பித்த பெருங்கோயிலின் சுற்றுமதில் பெயர்க்கப்பட்டது. வேலைப்பாடு மிக்க கருங்கற்கள் பலவும் பெயர்க்கப்பட்டன. சோழப் பேரரசின் தலைநகரை அணிசெய்த கல், வெள்ளையன் அணைக்கு அடிக்கல் ஆயிற்று.

இஃது எவரோ கட்டிய கதையன்று. 1855 இல் ஆங்கிலத்திலேயே வெளிவந்த தென்னிந்திய ஊர்விளக்கத் தொகுப்பு ஒன்று இதனை ஒளியாமற் கூறுகிறது. அதனோடு மற்றொன்றையும் கூறுகிறது. அவ்வூர் ஏழை மக்கள் தங்களால் இயன்ற மட்டும் அவ்வழிவைத் தடுத்துப் பார்த்தனராம், பயனில்லையாம், அரசை மதியாக் குற்றத்திற்காக அவர்களே ஒறுக்கப்பட்டனராம். கல்மதிலுக்கு மாற்றாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல் கொடுக்கப்பட்டதாம், அச்சொல்லும் காக்கப்படவில்லையாம்.

ஒறுக்கப்பட்ட அம்மக்களுள் ஒருவர் பெயரும் அந்நூலில் இல்லை. இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பைப் பாடிய வாய்கள் பல. அவன் கோயிலுக்காக அடிபட்ட ஊராரைப் பாடிய வாய் ஒன்றேனும் உண்டா? 2004 ஆம் ஆண்டில் அக்கோயில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டது. அன்று மகிழ்ந்தோர் யாவரும் மகிழ்க. ஆயினும் அக்கோயிலின் முதற் காவலர் யார் என்று கேட்டால், பெயரறியா அவ்வேழைகளே என்பதுதான் விடை.

அவர்களிடம் உரிமை இருந்தது, நெஞ்சுரமும் இருந்தது. இல்லாதவை மூன்று. கைக்கொண்டு காட்டச் சான்றேடு இல்லை. சார்ந்து நிற்கச் சட்டம் இல்லை. முறையிட்டுக் கேட்க மன்றம் இல்லை. இன்றைத் தமிழனிடம் இம்மூன்றும் உள்ளன. குறைகள் பலவுடையன எனினும் உள்ளன. ஆகவே, இன்று ஓர் ஊரின் பழங்கட்டடம் இடிபட்டால், ‘ஏழை சொல் எங்கே ஏறும்?’ என்று கைவிரிக்க இடமில்லை.

பழங்கட்டடத்தை ஏன் காத்தல் வேண்டும் என்று கேட்போர் தமிழ்ப் பற்றாளரிடையேயும் உளர். ‘மொழியைக் காக்கும் வேலையே மலைபோற் கிடக்கிறது, இடிந்த மண்டபத்தை ஏன் கட்டியழ வேண்டும்?’ என்பது அவர் வினா. உத்தரமேரூர்க்குச் சென்று பார்க்க. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், முதற் பராந்தகன் ஆட்சியில், குடவோலையால் ஊரவைக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறை அங்கே ஒரு மண்டபச் சுவரில் வெட்டப்பட்டது. அது பார்ப்பனர் ஊரின் அவையே. எல்லாக் குடிகளுக்கும் அதில் இடமிருந்தது என்று எவரும் பொய் சொல்ல வேண்டா. ஆயினும், கணக்குக் காட்டாதவன் மீண்டும் உறுப்பினன் ஆகக்கூடாது என்ற கட்டளை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சிற்றூர்ச் சுவரில் நின்றது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்ற பெயர்களும் அங்கே நிற்கின்றன. மின்வாரியம், குடிநீர் வாரியம் என்று இன்று நாவிற் புரளும் சொல் அத்தகைய சுவர்களில் உள்ள சொல்லே. சுவர் இடிந்திருந்தால் இன்றும் ‘போர்டு’ என்றே தமிழன் சொல்லிக்கொண்டு இருந்திருப்பான். ஓலை மக்கும், தாள் எரியும், கல் நின்று சான்று சொல்லும். கட்டடத்தை இடிப்போர் மொழியின் ஆவணக் களரியையே இடிக்கின்றனர்.

இடிப்போர் யார்? வெள்ளையன் போய்விட்டான். இன்று பெரும்பான்மை இடிப்பு இறையன்பின் பெயரால் நிகழ்கிறது. குடமுழுக்கு வருகிறது, நன்கொடை குவிகிறது, உடனே பழங்கல் அழுக்காகத் தோன்றுகிறது. காற்றழுத்தப் பொறியால் மணலைப் பீச்சிக் கல்லைத் தேய்க்கின்றனர். இதற்கு மணல்வீச்சு என்று பெயர். கல்வெட்டின் ஆழம் ஒரு நெல்லின் பருமனும் இராது. ஆயிரம் மழையில் தேயாத எழுத்து ஒரு முற்பகலில் தேய்ந்துவிடும். எழுத்துள்ள கல்லைப் புரட்டிப் படிக்கல்லாக இடுவதும், கல்தளத்தின்மேல் வழுவழுப்பான மெருகோடு பதிப்பதும், குமுதத்தின்மேல் எண்ணெய் வண்ணம் பூசுவதும் எத்தனை ஊர்களில் நடக்கின்றன! செய்வோர் கெட்டவர் அல்லர். அதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு. கெட்டவனை ஊர் கூடி எதிர்க்கலாம். அறங்காவலராக இருக்கும் நல்லவரை எங்ஙனம் எதிர்ப்பது? எதிர்க்க வேண்டா, முன்னரே சென்று சொல்லுக. நூறாண்டு கடந்த கோயில்களில் திருப்பணி செய்ய அறநிலையத் துறையின் மாவட்ட, மாநில வல்லுநர் குழுக்களின் ஒப்புதல் வேண்டும். ‘ஒப்புதல் பெற்றாயிற்றா? அதன் படி ஒன்றைக் காட்டுக’ என்று கேட்கும் ஓர் ஊரார் இருந்தாலே பாதிக் கேடு நிற்கும்.

ஒருவர் எழுதினால் என்ன ஆகும் என்று ஐயுறுவோர் இதனைக் கேட்க. 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘இந்து’ ஆங்கில நாளிதழில் மடல் ஒன்று வந்தது. தமிழகத்தின் தொன்மைச் சின்னங்கள் ஓசையின்றிப் புதைக்கப்படுகின்றன என்பது அதன் கருத்து. ஆசிரியர்க்கு எழுதும் சிறு மடல், அவ்வளவே. சென்னை உயர்முறைமன்றம் அதனைத் தானே வழக்காக ஏற்றுக்கொண்டது. ஆறாண்டு நடந்த அவ்வழக்கில் 2021 சூன் 7 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எழுபத்தைந்து கட்டளைகள் அதில் அடங்கின. 17 பேர் கொண்ட மரபு ஆணையம் ஒன்று அமைத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மரபு ஆணையச் சட்டத்தைத் தமிழக அரசு 2012 இலேயே இயற்றியிருந்தது என்பதையும், ஒன்பது ஆண்டுக்குப் பின்னும் முறைமன்றம் தலையிட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க. சட்டம் ஏட்டில் உறங்கும்; ஊரார் தட்டினால்தான் விழிக்கும். எழுபத்தைந்து கட்டளைகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன என்று எவரும் ஏமாறவும் வேண்டா.

மடல் எழுதுவது ஒரு வழி. ஊரே எழுந்த வழியை மதுரையிற் காணலாம்.

மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடையை ஒட்டி யானைமலை கிடக்கிறது. அதன் அடியில் நரசிங்கத்துக் குடைவரை உள்ளது. பராந்தக நெடுஞ்சடையன் என்ற பாண்டியனின் அமைச்சன் மாறன் காரி அதனைக் குடையத் தொடங்கினான், அவன் மறையவே, தம்பி மாறன் எயினன் முடித்தான், கி.பி. 770 ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு இதனைச் சொல்கிறது. மலைமேல் அமணர் படுக்கைகளும், பழந்தமிழ் எழுத்தும், படிமங்களும் உள்ளன. இம்மலையைச் சிற்ப நகராக்கும் திட்டம் ஒன்று 2010 அளவில் அரசுத் தரப்பில் எழுந்தது. கேட்டவுடன் பலர் மகிழ்ந்திருப்பர்: சிற்பம் தமிழர் கலையன்றோ! ஆனால் அடிவாரத்து ஊரார் ஏமாறவில்லை. மலையைச் செதுக்கினால் மலை இராது என்று கண்டு அவர்கள் எழுந்தனர், திட்டம் கைவிடப்பட்டது. அவ்வெழுச்சியின் வழியே பசுமை நடை என்ற அமைப்பும் தோன்றியது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளுக்கும் கோயில்களுக்கும் மக்களைக் கால்நடையாக அழைத்துச் சென்று, அவ்விடத்திலேயே அவ்விடத்தின் வரலாற்றைச் சொல்வது அதன் வேலை. மிக எளிய வேலை; ஆனால் மேடையில் நூறு முறை முழங்குவதினும் வலியது. கண்ணால் கண்டு, கையால் தொட்டு, எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவன் அக்கல்லை விட்டுக்கொடான்.

அதன் பயன் பதினான்கு ஆண்டுக்குப் பின் விளைந்தது. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியில் குன்றுகள் ஏழு. பழந்தமிழ்க் கல்வெட்டு, வட்டெழுத்து, அமணப் படிமம், முற்காலப் பாண்டியர் குடைவித்த சிவன் கோயில், அதில் இலகுலீசர் படிமம் என்று அவ்வூர் ஒரு வரலாற்றுக் களஞ்சியம். 2022 நவம்பரில் தமிழக அரசு அங்கே 193.42 எக்டேர் நிலத்தைப் பல்லுயிர் மரபுத் தலம் என்று அறிவித்தது. தமிழகத்தின் முதல் தலம் அதுவே. 2024 நவம்பரில் இடி விழுந்தது. அரிட்டாபட்டியையும் சூழ்ந்த ஊர்களையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 எக்டேர் பரப்பில் டங்சுடன் எனும் மாழையைத் தோண்டும் உரிமைக்கு வேதாந்தா குழுமத்து நிறுவனம் ஒன்று ஏலத்தில் தேர்வு பெற்றதாக நடுவண் அரசு அறிவித்தது.

ஊரார் செய்தவற்றை வரிசையாக நோக்குக. முதலில் அவர்கள் சாலைக்கு வரவில்லை, ஊரவைக்குச் சென்றனர். 2024 நவம்பர் 23 ஆம் நாள் கூடிய கிராம சபைகளில் மேலூர்ப் பகுதிச் சிற்றூர்கள் பலவும் சுரங்கம் வேண்டா என்று தீர்மானம் எழுதின. பின்னர் வணிகர் கடையடைத்தனர். திசம்பர் 9 ஆம் நாள் தமிழகச் சட்டப்பேரவையும் தீர்மானம் இயற்றியது. திசம்பர் 24 இல் நடுவண் அரசு சற்றே இறங்கி வந்தது: பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மறுபடி ஆராயலாம் என்றது. ஊரைப் பிளக்கும் சொல் இது. ‘எங்கள் குன்று பிழைத்தது, உங்கள் வயல் போகட்டும்’ என்று அரிட்டாபட்டியார் ஒதுங்கியிருந்தால் அன்றே அனைத்தும் முடிந்திருக்கும். அவர் ஒதுங்கவில்லை. 2025 சனவரி 7 ஆம் நாள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் அணிவகுத்தனர். சனவரி 23 ஆம் நாள் ஏலம் முழுவதும் நீக்கப்பட்டது.

இவ்வெற்றியில் மறைந்து நிற்பது ஒன்றுண்டு. கல்வெட்டுகள் ஏற்கெனவே படிக்கப்பட்டு அச்சேறியிருந்தன. குன்றும் கோயிலும் அரசு ஏட்டில் பதிவாகியிருந்தன. பல்லுயிர்த் தல ஆணை இரண்டு ஆண்டுக்கு முன்னரே கையில் இருந்தது. போர் மூண்ட பின் வாள் அடிக்கவில்லை அவர்கள். தமிழ் இயக்கத்தார் பலர் இங்கேதான் பின்தங்குகின்றனர். முழக்கம் முதலில், சான்று பின்னர் என்று அவர் நடை அமைகிறது. அலுவலகத்தில் முழக்கத்துக்கு விடை ‘பார்க்கிறோம்’ என்பது. சான்றுக்கு அவ்விடை போதாது.

எனவே, இடர் இல்லாத நாளிலேயே ஊர்க்கு ஒரு சுவடி வேண்டும். பள்ளி மாணவர் நால்வரும் முதியவர் ஒருவரும் போதும். கோயில், சுமைதாங்கி, குளத்துப் படித்துறை, சாவடி, கல்மண்டபம், பழைய பள்ளிக் கட்டடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. நான்கு புறமும் ஒளிப்படம் எடுக்க. அருகில் அளவுகோல் ஒன்றை வைத்து எடுத்தால் அளவும் பதிவாகும். எடுத்த நாளை எழுதுக. நாளில்லாத படம் பாதிச் சான்று. எழுத்துள்ள கல்லைக் கண்டால் சுண்ணாம்பையோ மாவையோ தேய்த்துப் படிக்க முயலற்க. பக்கவாட்டில் விளக்கொளி விழச்செய்து படமெடுத்தால் எழுத்து எழுந்து நிற்கும். அடுத்து, நிலம் யாருடையது என்பது. புல எண்ணையும் ‘அ’ பதிவேட்டையும் ஊர் அலுவலரிடம் பார்த்து எழுதுக. அரசு நிலமா, கோயில் நிலமா, தனியார் பட்டாவா என்று அறியாமல் எழுதிய முறையீடு, முகவரி இல்லாத அஞ்சல். அதன்பின், காப்பு யாருடையது என்பது. 1958 ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தின் கீழா, 1966 ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டத்தின் கீழா, அறநிலையத் துறையின் கீழா, எதன் கீழும் இல்லையா? தமிழ்நாட்டின் பழங்கட்டடங்களிற் பெரும்பாலானவை இந்நான்காம் வகையின; அவற்றுக்கு ஊராரை விட்டால் ஆளில்லை.

இவை தெரியவில்லையெனில் 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ‘தகவல்’ தமிழன்று என்பது உண்மையே. ஆயினும் சட்டத்தின் பெயரைத் திருத்தி எழுதி, அதனாலேயே விடை கிடைக்காமற் போவதில் தமிழுக்கு ஒரு நலமும் இல்லை. பத்து உரூபாக் கட்டணம். முப்பது நாளில் விடை தரல் வேண்டும். முறையீட்டைத் தமிழிலேயே எழுதுக. 1956 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இருக்கையில் தமிழக அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதுவது தன்னைத் தானே தாழ்த்திக்கொள்வது. நடுவண் தொல்லியல் துறைக்கு எழுதும்போதும் தமிழே முதல். உடன் ஓர் ஆங்கிலப் படியை இணைத்தலில் இழுக்கில்லை. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறை கேட்கின்றனர். கொடுத்ததற்கு ஒப்புகை பெறாமல் திரும்பற்க. ஊரவை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்குதோபர் 2, நவம்பர் 1. பேசிவிட்டு வருவது பயனில்லை. தீர்மானம் ஏட்டில் ஏறியதைக் கண்ணாற் கண்டு, படி பெற்று வருக. அரசமைப்பின் 51அ பிரிவு மரபைப் பேணுவது குடிமகன் கடமை என்கிறது. 1976 இல் சேர்க்கப்பட்ட அப்பிரிவு ‘கூட்டுப் பண்பாடு’ என்று பேசுவதில் தமிழ்த் தேசியர்க்கு ஆயிரம் மாறுபாடு இருக்கலாம். முறையீட்டில் அதனை எடுத்துக்காட்டத் தயங்க வேண்டா. எதிரியின் கருவி என்று கருதினும் கூர்மையானதே.

இனி, ஏழையைப் பற்றி ஒரு சொல். நடுவண் சட்டத்தில் 2010 இல் செய்த திருத்தப்படி, காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர்க்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர்க்குள் இசைவு பெற்றே கட்டல் வேண்டும். மலையை வெட்டும் வலியவனைத் தடுக்க இவ்விதி உதவுகிறது. கோயில் வாயிலில் மூன்று தலைமுறையாய்க் குடியிருக்கும் கூலிக்காரன் மகளுக்கு ஓர் அறை கட்டவும் இதுவே தடையாகிறது. அவன் அக்கல்லை வெறுத்தால் யார் குற்றம்? ‘காக்கப்பட்ட சின்னமாக அறிவியுங்கள்’ என்று கேட்கும் இயக்கத்தார், அக்குடிசைகளுக்கு முதலிற் செல்லுதல் வேண்டும். பழைய வீட்டைச் செப்பனிட விதியில் இடமுண்டு என்று சொல்லி, அதற்கான இசைவு முறையீட்டை எழுதியும் கொடுத்தல் வேண்டும். அதனைச் செய்யாதவர் கோயிலைக் காப்பதாகச் சொல்லி ஊரைப் பகைத்துக்கொள்வர். கங்கைகொண்ட சோழபுரத்துக்காக நின்றவர் ஏழைகளே என்பதை மறக்கலாகாது.

தனியார் வீடுகளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. செட்டிநாட்டு வீடுகள் பங்குப் பிரிவில் உடைந்து, தூணும் நிலையும் காரைக்குடிக் கடைத்தெருவில் விலைபோவதைத் தடுக்கும் ஆற்றல் எந்தச் சட்டத்துக்கும் இல்லை. உடையவர் மனம் வைத்தாலன்றி வழியில்லை.

சென்னையின் நிலை வேறு. 2003 இல் இராணி மேரிக் கல்லூரியை அகற்றித் தலைமைச் செயலகம் கட்ட அரசு முனைந்தபோது, 1914 இல் தோன்றிய அக்கல்லூரியின் மாணவியர் வளாகத்தை விட்டு அகலாமல் போராடினர், கல்லூரி நின்றது. அண்ணாசாலையில் 1897 ஆம் ஆண்டுக் கட்டடமான பாரத் காப்பீட்டு மாளிகையை 2006 இல் உடைமையாளராகிய ஆயுள் காப்பீட்டு நிறுவனம் இடிக்கத் தொடங்கியது. மரபுக் காப்பாளர் உயர்முறைமன்றம் சென்றனர். இடிக்கலாகாது என்று 2010 இல் தீர்ப்பு வந்தது. ‘ஆங்கிலேய வணிகன் கட்டியதற்கு ஏன் இத்தனை பாடு?’ என்று கேட்கலாம். செங்கல் சுமந்தவன் தமிழன் என்பது ஒருபுறம் இருக்க, அத்தீர்ப்பிற் கற்க வேண்டியது வேறு. இடிக்காதே என்று சொல்லும் தீர்ப்பு செப்பனிடச் செய்வதில்லை. தீர்ப்புக்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் அம்மாளிகை சிதைந்தே நின்றது. ஆகவே முறைமன்றம் செல்வோர், தடை மட்டும் கேளாமல், இத்துணைத் திங்களுக்குள் செப்பனிடுக, இன்னார் மேற்பார்வையிடுக என்பதையும் வேண்டுகோளிலேயே சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

கூட்டம் தொடங்குமுன் இளைஞர் சிலர் ஒன்று வினவினர்: ‘அனைத்தும் தவறி, விடியலில் எழுந்து பார்க்கையில் இடிப்பு நடந்துகொண்டிருந்தால் என் செய்வது?’ முதல் வேலை கைகலப்பன்று, படமெடுத்தல். நேரமும் ஊர்தி எண்ணும் படத்தில் விழுமாறு எடுக்க. இருவர் அங்கேயே நிற்க. இருவர் வட்டாட்சியரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்து முறையீடு கொடுத்து ஒப்புகை பெறுக. ஒருவர் மாவட்டத் தொல்லியல் அலுவலர்க்குத் தொலைபேசியிற் சொல்லி, அதனையே அஞ்சலிலும் விடுக்க. ஆணை எங்கே என்று இடிப்போரைக் கேட்க; காட்டினால் அதனையும் படமெடுக்க. இடிபட்ட கற்களில் எழுத்துள்ளவற்றை எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லற்க. அன்பினால் எடுத்தாலும் அது களவாகவே எண்ணப்படும். கிடந்த இடத்திலேயே சுண்ணக்கட்டியால் எண்ணிட்டு, பட்டியல் எழுதி, ஊரார் ஐவர் கையெழுத்திட்டு, வட்டாட்சியர் வழியாக மாவட்ட அரசு அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துச் சீட்டுப் பெறுக. அச்சீட்டின் ஒரு படி ஊர்ச் சுவடியில், அக்கட்டடத்துக்கு ஒதுக்கிய பக்கத்தில் ஒட்டப்படட்டும்.